கம்ப்ரஸர் பழுதான வால்வு ஆம்ப்: சரிசெய்வதா, மாற்றுவதா, ஒதுக்கிவிடுவதா?

கிட்டாருக்கான வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையருக்குள், பலத்த ஒலியை அமுக்கி உரத்தைச் சமப்படுத்தும் பகுதியான கம்ப்ரஸர் கெட்டுப்போனால், கெட்டது கம்ப்ரஸர்தான் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது. "சத்தம் அமுங்கிப்போச்சு", "முன்னாடி இருந்த துடிப்பு இல்லை", "ஒரு நோட் அடித்தால் உள்ளே போய்விட்டு மெதுவாகத் திரும்பி வருது" என்றுதான் வாசிப்பவர்கள் சொல்வார்கள். கேட்டவுடன் வால்வு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு செட் புது வால்வு வாங்கிப் போடுவார்கள். சத்தம் அப்படியே அமுங்கித்தான் இருக்கும். அதற்கப்புறம்தான் ஆம்ப் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும்.

அந்த நிலையில் மூன்று வழிகள் உண்டு. இருக்கும் சர்க்யூட்டில் எந்த உறுப்பு கெட்டதோ அதை மட்டும் மாற்றி, பழையபடி ஓடவைப்பது ஒன்று. கம்ப்ரஸரின் மையமான உறுப்பையோ அந்தப் பகுதி முழுவதையுமோ இன்று கிடைக்கும் பொருள்களால் மாற்றிக் கட்டுவது இன்னொன்று. உள்ளே இருப்பதை ஒதுக்கிவிட்டு, வெளியில் ஒரு கம்ப்ரஸர் பெடல் வைத்துக்கொள்வது மூன்றாவது. மூன்றுமே நியாயமானவை. ஆனால் பலரும் பழுது எங்கே என்று பார்க்காமலே மூன்றில் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார்கள். குறிப்பாக மூன்றாவது வழிக்குப் பழுதைத் தேடவே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அது தவறு என்பதை ஒரு கருகிப்போன போர்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஒலிப்பாதை: கிட்டாரின் சிக்னல், அதை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் போகும் வழி. மற்றது கட்டுப்பாட்டுப் பாதை: அதே சிக்னலில் ஒரு பகுதியை எடுத்து, டி.சி.யாக மாற்றி, "இப்போது எவ்வளவு அமுக்க வேண்டும்" என்று சொல்லும் வழி. ஆம்ப்களுக்குள் அடிக்கடி பார்க்கும், ஒளியால் கட்டுப்படுத்தும் ஆப்டோ வகையில், கட்டுப்பாட்டுப் பாதையின் முடிவில் ஒரு எல்.இ.டி. இருக்கும். அதன் எதிரே, வெளி ஒளி படாதவாறு மூடிய கறுப்புக் கூட்டுக்குள், ஒரு எல்.டி.ஆர். (ஒளிக்கேற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்) இருக்கும். வெளிச்சம் கூடினால் எல்.டி.ஆரின் தடை குறையும். அது ஒலிப்பாதையிலிருந்து கிரவுண்டுக்கு இணைக்கப்பட்டிருப்பதால் சிக்னலில் ஒரு பங்கு அதன் வழியாக இறங்கிவிடும். அவ்வளவுதான் கம்ப்ரஷன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தொடரில் 100 கிலோ ஓம், கிரவுண்டுக்கு எல்.டி.ஆர். என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் எல்.டி.ஆர். பல மெகா ஓம் காட்டினால் சிக்னல் கிட்டத்தட்ட முழுதாகக் கடந்துபோகும். நன்றாக எரியும்போது 10 கிலோ ஓமுக்கு இறங்கினால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது ஏறக்குறைய 21 டெசிபல் குறைவு. அந்த எல்.இ.டி. ஏதோ ஒரு காரணத்தால் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஆம்ப் உயிரோடுதான் இருக்கும், ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஒலிக்கும். எத்தனை புது வால்வு போட்டாலும் அது மாறாது.

கை வைப்பதற்கு முன்

இதை அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. வால்வு ஆம்பில் 300 முதல் 450 வோல்ட், சிலவற்றில் அதற்கும் மேலே டி.சி. ஓடுகிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அந்த மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். 450 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று 10 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த கிளிப்புகளோடு இணைத்து, அதன் வழியாக வடியவிடுங்கள். பத்து விநாடி கழித்து மீட்டரில் அளந்து பாருங்கள். வடிந்திருக்கும் என்று நம்பிக் கையை விடாதீர்கள். ஆம்ப் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையால் மட்டும் அளக்க வேண்டும். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடு ரெசிஸ்டரோ இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இதெல்லாம் பழக்கமில்லையென்றால் கீழே சொல்லும் சோதனைகளை ஒரு டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் உங்களுக்கு அதுவே போதும்.

அரை மணி நேரச் சோதனை

எந்த வழியைத் தேர்வதென்று முடிவு செய்ய உதவும் சோதனைகள் மூன்றுதான்.

முதலாவது, எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே பெடல் இணைக்கும் இடம்) இருந்தால் அதன் சென்ட் (சிக்னல் வெளியேறும்) முனையிலிருந்து சிக்னலை எடுத்து இன்னொரு ஆம்பில் கேட்பது. அங்கேயே சத்தம் அமுங்கியிருந்தால் பழுது ப்ரீஆம்ப் பக்கம். தெளிவாக இருந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் பக்கம். ஆனால் கம்ப்ரஸர் லூப்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைச் சர்க்யூட் வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது, கெபாசிட்டர்களை வடியவிட்ட பிறகு எல்.டி.ஆரின் ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து விடுவித்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பது. சத்தம் முழுதாகத் திரும்பிவிட்டால் ஒலிப்பாதையும் வால்வுகளும் நலம். பழுது எல்.டி.ஆரிலோ அதற்குக் கட்டளையிடும் பாதையிலோ இருக்கிறது. சத்தம் திரும்பவில்லையென்றால் கம்ப்ரஸர் மேல் பழி போடவே வேண்டாம். தேட வேண்டியது வேறு இடம்.

மூன்றாவது, எதையும் வாசிக்காமல், எல்.இ.டி.யின் இரு கால்களுக்கும் குறுக்கே டி.சி. அளப்பது. பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். சிக்னலே இல்லாதபோது 1.6 முதல் 2 வோல்ட் காட்டினால் எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கிறது, குற்றவாளி கட்டுப்பாட்டுப் பாதை. பூஜ்யம் காட்டியும் சத்தம் அமுங்கியிருந்தால் எல்.டி.ஆரே கெட்டிருக்கிறது. வாசிக்கும்போதும் பூஜ்யத்திலேயே நின்றால் கட்டளை வந்து சேரவில்லை என்று பொருள். ஆம்ப் நன்றாகப் பாடும், ஆனால் கம்ப்ரஷன் இருக்காது.

எல்.டி.ஆரைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால் கூட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். சர்க்யூட்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்து ரெசிஸ்டர்களும் சேர்ந்து காட்டி ஏமாற்றிவிடும். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், இவற்றை எல்.இ.டி.யோடு தொடரில் கொடுங்கள். ஏறக்குறைய 7 மில்லி ஆம்பியர் ஓடும். அப்போது எல்.டி.ஆர். சட்டென்று கீழே இறங்க வேண்டும். பேட்டரியை எடுத்ததும் மெதுவாக மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றத்தை மீட்டரில் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்த வேலை. எண்கள் முதலில் துள்ளி ஏறும், அப்புறம் தயங்கித் தயங்கி ஏறும். ஆப்டோ கம்ப்ரஸருக்கென்று நாம் விரும்பும் அந்த இதமான குணம் முழுக்க அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் வழி: கெட்டதை மட்டும் மாற்றுவது

கட்டுப்பாட்டுப் பாதையில் பழுது என்று தெரிந்தால் எனக்கு இந்த வழியில் சந்தேகமே இல்லை. அங்கே கெட்டுப்போகிறவை பெரும்பாலும் சாதாரண உறுப்புகள்: எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ஸீனர் டயோடு, சிக்னலைப் பெருக்கும் எட்டுக் கால் ஆப்-ஆம்ப் ஐ.சி., தேய்ந்த கன்ட்ரோல். எங்கும் கிடைப்பவை, எளிதில் மாற்றத்தக்கவை. மாற்றிய பிறகு ஒலி பழையபடியே இருக்கும், ஏனென்றால் ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கும் உறுப்பை நீங்கள் தொடவே இல்லை.

இதில் ஒரு பழுதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றியவர்கள் உண்டு. கம்ப்ரஸர் எவ்வளவு வேகமாகப் பிடியை விடுகிறது என்பதை ஒரு கெபாசிட்டர் தீர்மானிக்கிறது. அது எலக்ட்ரோலிட்டிக்காக இருந்து, வருடக்கணக்கில் வால்வுச் சூட்டில் காய்ந்துபோனால், அதன் கொள்ளளவு குறைந்துவிடும். பிடி மிக வேகமாக விடும். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு அலைக்கு 24 மில்லி விநாடி. கம்ப்ரஸர் அந்த நேரத்துக்குள்ளேயே பிடித்து விட்டுக்கொண்டிருந்தால், அது நோட்டின் உரத்தைப் பின்தொடராமல் ஒவ்வொரு அலையையும் பின்தொடர்ந்து ஏறி இறங்கும். காதுக்கு அது கரகரப்பாக, கூம்பு கிழிந்த ஸ்பீக்கர் போலக் கேட்கும். மேல் தந்திகளில் சுத்தமாக இருந்து, கீழ்த் தந்தியில் மட்டும் கரகரத்தால் முதலில் இந்தக் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். இதற்கு நேர்மாறாக, பிடித்தது விடவே இல்லையென்றால், அந்தக் கெபாசிட்டரை வடியவிடும் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம்.

ஒலிப்பாதையில் பழுது என்றாலும் இதே வழிதான். ப்ரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வை நல்லதென்று தெரிந்த இன்னொன்றோடு மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதில் தீரவில்லையென்றால் மீட்டரை எடுக்க வேண்டும். பிளேட் (வால்வின் நேர்மின் முனை) ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், அதன் மேல்முனையில் 280 வோல்ட், பிளேட்டில் 180 வோல்ட் என்றால் ஓடுவது 1 மில்லி ஆம்பியர். கேத்தோடில் (வால்வின் எதிர்மின் முனையில்) 1.5 கிலோ ஓம் இருந்தால் அங்கே 1.5 வோல்ட் தெரிய வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டு ரெசிஸ்டர்களில் ஒன்று மதிப்பு மாறியிருக்கிறது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மேலே நகர்ந்துவிடும்.

டி.சி.யைத் தடுத்துச் சிக்னலை மட்டும் அடுத்த வால்வுக்குக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டரின் கசிவும் இங்கே அடிக்கடி வருவதுதான். முந்தைய பிளேட்டில் 180 வோல்ட், கெபாசிட்டரின் கசிவுத் தடை 100 மெகா ஓம், கிரிட் (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்றால் கிரிட்டில் 1.8 வோல்ட் ஏறிவிடும். 1.5 வோல்ட் பயாஸில் (ஓய்வுநிலை மின்னழுத்தத்தில்) நிற்கும் வால்வின் வேலையை அது முழுக்கக் கெடுத்துவிடும். அடுத்த வால்வைக் கழற்றிவிட்டு அதன் கிரிட் முனையில் அளந்தால், பூஜ்யத்துக்குப் பதிலாக இந்த வோல்ட் பளிச்சென்று தெரியும். சாதாரண ஓம் மீட்டரில் இந்தக் கசிவு தெரியவே தெரியாது.

இரண்டாவது வழி: மையத்தையே மாற்றுவது

எல்.இ.டி.யும் எல்.டி.ஆரும் சேர்ந்த அந்தக் கூடே (ஆப்டோ) செத்துவிட்டால் நிலைமை வேறு. ஒளியை உணரும் அந்தப் பொருள் காட்மியம் சல்பைடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் காட்மியத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பல பழைய மாடல்களின் தயாரிப்பும் நின்றுபோயிற்று. கிடைக்கும் வேறொன்றை வாங்கிப் பொருத்தலாம்தான். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கூடுகள் குணத்தில் வெகு தூரம் விலகியிருக்கும்.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. முதலாவது இருட்டுத் தடை. நமது கணக்கில் தொடரில் 100 கிலோ ஓம் இருக்கிறது. நீங்கள் பொருத்தும் எல்.டி.ஆர். இருட்டிலும் 100 கிலோ ஓம்தான் காட்டுமென்றால், கம்ப்ரஸரைப் பூஜ்யத்தில் வைத்தாலும் சிக்னலில் பாதி, அதாவது 6 டெசிபல், எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். பழுதுபார்த்த பிறகும் "சத்தம் கம்மிதான்" என்ற புகார் வந்தால் இதையும் பாருங்கள். இரண்டாவது, அணைந்த பிறகு தடை ஏற எடுக்கும் நேரம். சில கூடுகள் சில பத்து மில்லி விநாடிகளில் மேலே வந்துவிடும், சில ஒரு விநாடிக்கு மேல் இழுக்கும். ஒரே சர்க்யூட்டில் இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு கம்ப்ரஸர்களாக ஒலிக்கும்.

ஸ்டூடியோக்களில் பேர்பெற்ற டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ வால்வு கம்ப்ரஸரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதில் எல்.இ.டி. கிடையாது. ஒளிரும் ஒரு தகடும் அதன் எதிரே ஒளியுணர் செல்களும் சேர்ந்த டி4 என்ற கூடு இருக்கிறது. பிடியின் பாதி சுமார் 60 மில்லி விநாடிகளில் விட்டுவிடும், மீதி பல விநாடிகள் இழுத்துக்கொண்டு விடும். அந்தத் தகடு வயதாக ஆக மங்கும், கம்ப்ரஷன் பலவீனமாகும். அந்த இடத்தில் எல்.இ.டி. வைத்தால் வேலை நடக்கும், ஆனால் நீங்கள் விரும்பி வாங்கிய ஒலி இருக்காது. அதனால் அங்கே அதே வகை டி4 கூட்டைத் தேடி வாங்கிப் போடுவதுதான் முறை.

கம்ப்ரஸரின் மையம் சி.ஏ.3080 போன்ற ஐ.சி.யாக இருந்தால் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. எல்.எம்.13700 அதன் வேலையைச் செய்யும், ஆனால் கால்கள் வேறு வரிசையில் இருப்பதால் சின்ன இணைப்புப் போர்டு தேவை. வால்வையே மையமாகக் கொண்ட வேரி-மியூ வகையாக இருந்தால் ஆப்டோ தேடும் தொல்லை இல்லை. ஆனால் அதில் ஜோடி வால்வுகள் குணத்தில் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்காவிட்டால் பிடிக்கும்போதெல்லாம் 'தும்' என்று ஓர் அடி கேட்கும்.

இந்த வழியை நான் தேர்வது ஆப்டோ உண்மையிலேயே செத்துவிட்டது என்று பேட்டரிச் சோதனையில் பார்த்த பிறகுதான், அதுவும் அந்த ஆம்பின் கம்ப்ரஷனை வாசிப்பவர் உண்மையில் பயன்படுத்துகிறவராக இருந்தால் மட்டும்தான். இரண்டு மூன்று கூடுகள் வாங்கி, ஒவ்வொன்றையும் சாக்கெட்டில் மாட்டிக் கேட்டுப் பார்த்துத் தேர்வு செய்யும் பொறுமை இதற்கு வேண்டும்.

மூன்றாவது வழி: ஒதுக்கிவிட்டுப் பெடல் வைப்பது

இனி அந்தக் கருகிய போர்டின் கதை. ஒரு பேஸ் ஆம்ப், சத்தம் அமுங்கிப்போனது. பழுதுபார்த்த ஒருவர் எல்.டி.ஆரின் காலை வெட்டிவிட்டார். சத்தம் திரும்பிவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்கள் கழித்துக் கருகல் வாசனை வருகிறதென்று அது என்னிடம் வந்தது. திறந்தால், கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அருகே போர்டு உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருந்தது.

உண்மையான பழுது, ஆப்-ஆம்புக்கு மைனஸ் 15 வோல்ட் தரும் ஸீனர் ஷார்ட் ஆனது. மைனஸ் சப்ளை இல்லாமல் போனதும் அந்த ஆப்-ஆம்பான டி.எல்.072 ஐ.சி.யின் வெளியீடு மேலே போய் ஒட்டிக்கொண்டது, எல்.இ.டி. நிரந்தரமாக எரிந்தது, சத்தம் அமுங்கியது. ஐ.சி. குற்றமற்றது, ஆப்டோவும் குற்றமற்றது. காலை வெட்டியதும் அறிகுறி மறைந்தது, நோய் அங்கேயே இருந்தது. ஸீனருக்கு முன்னால் 470 ஓம், 2 வாட் ரெசிஸ்டர். வழக்கமாக அதன் குறுக்கே 25 வோல்ட் நிற்கும், 1.3 வாட் சூடு. ஸீனர் ஷார்ட் ஆனதும் சப்ளையின் 40 வோல்ட்டும் அதன் மேல் விழுந்தது, 3.4 வாட். 2 வாட் ரெசிஸ்டர் அதை மாதக்கணக்கில் தாங்கி, போர்டையும் சேர்த்துக் கருக்கிவிட்டது. தொடக்கத்திலேயே ஒரு ஸீனரை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. கருகிய போர்டைச் சுரண்டி எடுத்து, அறுந்த தடங்களுக்குக் கம்பி இழுத்து, இரண்டு நாள் உட்கார வேண்டியிருந்தது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஒதுக்குவதாக இருந்தாலும் மூன்றாவது சோதனையையும் ஐ.சி.யின் சப்ளை வோல்ட்டுகளையும் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். ஒதுக்கும் முறை எளிது: எல்.டி.ஆரின் ஒரு காலை மட்டும் தூக்கி, ட்யூப் மாட்டி இன்சுலேட் செய்து, அப்படியே விட்டுவிடலாம். எதையும் வெட்ட வேண்டாம். நாளைக்கு யாராவது சரிசெய்ய நினைத்தால் வழி இருக்க வேண்டும். ஸ்விட்ச் வைக்க ஆசைப்பட்டால் ஷீல்டு கம்பி பயன்படுத்துங்கள். அந்த இடத்தின் மின்தடை அதிகம், சாதாரணக் கம்பி ஹம்மை அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பெடலை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்தால், ப்ரீஆம்ப் வால்வுக்குப் போகுமுன்பே சிக்னல் சமமாகிவிடும். அழுத்தி அடித்தால் வால்வு கரகரக்கும் அந்த உணர்வு குறையும். உள்ளே இருந்த கம்ப்ரஸர் ப்ரீஆம்புக்குப் பின்னால் இருந்தது, ஆகவே அதற்கு நெருக்கமான இடம் எஃபெக்ட்ஸ் லூப். ஆனால் 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் உச்சியிலிருந்து அடிவரை 9 வோல்ட்டுக்கு மேல் சிக்னல் போக இடமில்லை. சில வால்வு ஆம்ப்களின் லூப் அதைவிடப் பெரிய சிக்னலைத் தள்ளும். பெடல் திணறும். லூப்பில் லெவல் ஸ்விட்ச் இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் முன்னால் வைப்பதே நல்லது.

யாருக்கு எது

நாளைக்கு மேடை, இன்றைக்குப் பழுது என்றால் காலைத் தூக்கிவிட்டுப் பெடலோடு போங்கள், வந்த பிறகு காரணத்தைத் தேடுங்கள். போவதற்கு முன் சப்ளை வோல்ட் மட்டும் பார்த்துவிடுங்கள். அதில் ஒன்று குறைவாக இருந்தால் அந்த ஆம்பைக் கொண்டுபோகாதீர்கள், வேறொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆம்பை அதன் அசல் ஒலிக்காக வைத்திருப்பவர் முதல் வழியைத் தாண்டக் கூடாது. மாற்றிய பழைய உறுப்புகளை ஒரு உறையில் போட்டு ஆம்போடு வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸர் நாபை வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை என்பவருக்கு இரண்டாவது வழி வீண். பழுதின் காரணத்தை நீக்கிவிட்டு ஒதுக்குவதே போதும். ஆப்டோ செத்து, அந்தக் கம்ப்ரஷன்தான் அவர் வாசிப்பின் பாதி என்றால் மட்டும் இரண்டாவது வழிக்கு நேரம் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும், மூடியை மூடுவதற்கு முன் ஆம்பை இரண்டு மணி நேரம் சூடாக ஓடவிட்டு, சிக்னல் இல்லாமல் எல்.இ.டி.யின் வோல்ட்டையும் ஐ.சி.யின் இரண்டு சப்ளைகளையும் மறுபடி அளந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் ஸீனர் சூட்டில்தான் தன் குணத்தைக் காட்டும். அளந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சேஸிஸுக்குள் சூடு படாத ஒரு மூலையில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம்.